கட்டுரைக்கு முந்தைய தாள்: எழுதத் தொடங்குமுன் கருத்துகளைத் திரட்டுவது எப்படி?

கேள்வி: நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிழையில்லாமல் எழுதுவேன், வாசிக்கும் பழக்கமும் உண்டு. ஆனால், கட்டுரை எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே வெகுநேரம் ஆகிவிடுகிறது. ‘வீட்டுப்பாடம் மாணவருக்குத் தேவையா?’ என்ற தலைப்பில் நான் எழுதித் தந்த கட்டுரை, ‘மொழி நன்று, கருத்து பொதுப்படையாக இருக்கிறது’ என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. திருத்தி எழுத இரண்டு வாரம் அவகாசம் தந்திருக்கிறார்கள். முன்பு தோழிகள் நால்வர் சேர்ந்து பேசிவிட்டுத்தான் எழுதினோம். நால்வரின் கட்டுரையும் ஒன்றுபோலவே அமைந்துவிட்டது. எழுதுமுன் மூளைப்புயல் செய்யும்படி எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படித்தான் செய்வது? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கருத்துக் கேட்கலாமா? தேர்வறையில் இதற்கெல்லாம் நேரம் இருக்குமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதல் வரி எழுதவே வெகுநேரம் ஆகிறது என்பது ஒன்று. எழுதி முடித்த பிறகு, அது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரையாகத் தெரிகிறது என்பது மற்றொன்று. முன்னது தொடங்கும் முறையைப் பற்றியது; பின்னது நிறுத்தும் இடத்தைப் பற்றியது. கருத்துத் திரட்டுவது குறித்து மாணவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் தொடக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆனால், மாணவர் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவரும் அனுபவத்தில் நான் கண்டது வேறு. கருத்தே தோன்றாமல் சோடைபோன கட்டுரைகள் மிகச் சில. நாலைந்து கருத்துகள் தோன்றியதுமே ‘இது போதும்’ என்று எழுத உட்கார்ந்துவிட்டதால் சோடைபோனவைதான் மிகப் பல. உங்கள் ஆசிரியர் ‘பொதுப்படை’ என்று எழுதியது இதைத்தான் என்று எண்ணுகிறேன்.

தொடக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். வெற்றுத் தாளின் முன் அமர்ந்து நேரடியாக முதல் வாக்கியத்தை எழுத முயலும்போது, நீங்கள் ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தலையில் சுமக்கிறீர்கள்: சொல்வதற்கு ஒரு கருத்தைத் தேடுகிறீர்கள், அது உருப்படியான கருத்துதானா என்று எடைபோடுகிறீர்கள், கட்டுரையில் அது எங்கே வர வேண்டும் என்று யோசிக்கிறீர்கள், அதைப் பிழையில்லாத வாக்கியமாக்கவும் பார்க்கிறீர்கள். மனிதர் எவராலும் ஒரே சமயத்தில் நினைவில் நிறுத்திக் கையாளக்கூடிய செய்திகள் மிகக் குறைவு. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த எண்ணிக்கை ஏறத்தாழ நான்குதான் என்று வாதிட்டார். அப்படியிருக்க, ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற சொல்லைத் தேடுவதற்குள் அடுத்த கருத்து நழுவிப்போவதில் வியப்பில்லை. இதை உங்கள் திறமைக் குறைவாக எண்ணி மனம் தளர வேண்டாம். வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் செய்தால் இந்தத் தடை பெருமளவு விலகிவிடும்.

மூளைப்புயல் என்று நாம் அழைக்கும் முறையின் உயிர்நாடி இந்தப் பிரிப்புதான். அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றின் தலைவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பார்ன், 1953-இல் வெளியிட்ட நூலில் இதன் விதிகளை விரிவாக எழுதினார். கருத்துகள் பிறக்கும் நேரத்தில் எதையும் குறைகூறக் கூடாது. எவ்வளவு விபரீதமாகத் தோன்றினாலும் வரவேற்க வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட நல்லது. ஒரு கருத்தை எடுத்து வளர்க்கலாம், இரண்டை இணைத்துப் புதிதாக ஒன்றை ஆக்கலாம் என்பவை அவர் வகுத்த நான்கு விதிகள். கட்டுரை எழுதுபவருக்கு இவற்றுள் முதல் விதிதான் மிகவும் முக்கியம். குறைகூறக் கூடாது என்றால், எந்தக் கருத்தையும் எப்போதும் எடைபோடக் கூடாது என்று பொருளன்று. எடைபோடும் வேலையைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவே. தேடும்போது தேடுவது மட்டும், தேர்ந்தெடுக்கும்போது தேர்ந்தெடுப்பது மட்டும் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால், மற்ற விதிகள் தாமாகவே வந்து சேரும்.

செய்முறை எளிது. ஒரு தாளின் தலையில் உங்கள் தலைப்பைக் கேள்வி வடிவில் எழுதுங்கள். இருபது நிமிடத்துக்குக் கைபேசியில் நேரம் குறித்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பிறகு, வரிக்கு ஒன்றாக, தோன்றுவதையெல்லாம் எழுதிக்கொண்டே போங்கள். முழு வாக்கியம் வேண்டாம். நாலைந்து சொற்கள் போதும். அடிப்பதும் திருத்துவதும் கூடாது. எழுதியதை மேலே போய்ப் படித்துப் பார்ப்பதும் கூடாது, ஏனெனில் படிக்கத் தொடங்கியதுமே உங்களுக்குள் இருக்கும் திருத்துநர் விழித்துக்கொள்வார். ஒரே கருத்து இரண்டு முறை வந்தாலும் இரண்டு முறையும் எழுதுங்கள். உங்கள் மனம் எதைச் சுற்றி வருகிறது என்பது பின்னால் அதிலிருந்தே தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியலை எங்கே நிறுத்துவது?

பெரும்பாலோர் கை தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள். ஆறேழு வரிகள் மளமளவென்று வந்துவிடும். பிறகு ஒரு வெறுமை வரும். ‘இவ்வளவுதான் எனக்குத் தெரியும்’ என்று தோன்றும். அந்த எண்ணம் நம்பத்தக்கதன்று. கருத்துகள் தோன்றும் வரிசையைப் பற்றி உளவியலில் நீண்டகாலமாக ஆய்வு நடந்துவருகிறது. ஜே. பி. கில்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வு முதலாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருப்பது, முதலில் வரும் கருத்துகள் எல்லோருக்கும் தோன்றக்கூடியவையாகவும் நேரம் செல்லச் செல்ல வருபவை அரியவையாகவும் இருக்கின்றன என்பதே. ஆனால், நம் மனம் இதற்கு நேர்மாறாக நம்புகிறது. பிரயன் லூகாஸ், லோரன் நோர்ட்கிரன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் போகப் போகத் தம் கருத்துகளின் தரம் குறைந்துவிடும் என்று பங்கேற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு: தரம் குறையவில்லை, நிலையாக நின்றது அல்லது கூடியது. அந்தத் தவறான எதிர்பார்ப்பு வலுவாக இருந்தவர்கள் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்கள். கருத்து வருவது கடினமாகிவிட்டது என்பதையும் கருத்து தீர்ந்துவிட்டது என்பதையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் தலைப்பிலேயே இதைச் செய்து பார்ப்போம். வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு மாணவர் எழுதத் தொடங்கினால் முதலில் வருபவை ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்: ஒழுக்கம் வளரும், பொறுப்புணர்வு வரும், படித்தது மனத்தில் பதியும், மன அழுத்தம், விளையாட நேரமின்மை, தூக்கக் குறைவு, பெற்றோரின் ஈடுபாடு. உங்கள் கட்டுரையில் இந்த ஏழில் குறைந்தது ஐந்து இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால், இவை எதுவும் உங்களுடையதும் இல்லை. இங்கே கை நின்றுவிடும். நேரம் இன்னும் பாக்கி இருப்பதால் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருந்தால், சற்றுநேரத்தில் வேறுவிதமான வரிகள் வரத் தொடங்கும்: தங்கையின் படத்தை அம்மாதான் வரைந்தார், காலையில் மணி அடிக்குமுன் கடைசி பெஞ்சில் நடக்கும் நகலெடுப்பு, ‘செய்தாயா?’ என்று கேட்பார்கள், ‘புரிந்ததா?’ என்று கேட்பதில்லை. திருத்தப்படாமலே திரும்பி வந்த நோட்டு. வீட்டில் மேசை இல்லாத தோழி. சந்தேகம் வந்தால் இரவில் யாரைக் கேட்பது. அக்கா இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் முழு மதிப்பெண்.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரிசை முழுவதும் பண்புகளும் நிலைமைகளும். இரண்டாம் வரிசையில் மனிதர்கள் வந்துவிட்டார்கள். மேசையும் நோட்டும் பெஞ்சும் வந்துவிட்டன. ஒருவர் இன்னொருவருக்கு ஏதோ செய்கிறார். கட்டுரைக்கு உயிர் தரும் பொருள் இங்கேதான் இருக்கிறது. எனவே, பட்டியலை நிறுத்துவதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுகோல் எண்ணிக்கை அன்று. மனிதர்களும் பொருள்களும் தாளுக்குள் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்க வேண்டும். அவர்கள் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. (சிலருக்கு ஐந்தாவது வரியிலேயே வந்துவிடுவார்கள், அவர்கள் பாக்கியசாலிகள்.)

கை நின்றுபோன இடத்தில் சும்மா காத்திருக்க முடியாதவர்களுக்குத் துணைசெய்யச் சில வழிகள் உண்டு. மிகப் பழையது, பண்டைய கிரேக்கத்தின் பேச்சுக்கலை ஆசிரியர்கள் வகுத்த வழி. 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், எந்தப் பொருளைப் பற்றி வாதிட வேண்டியிருந்தாலும் வாதங்களைத் தேடிப் போகக்கூடிய சில பொது இடங்கள் உண்டு என்று கற்பித்தார். இது என்ன வகையைச் சேர்ந்தது, இதற்குள் என்னென்ன வகைகள் உண்டு, எதைப் போன்றது, எதிலிருந்து வேறுபட்டது, எதனால் விளைந்தது, எதை விளைவிக்கிறது, இதற்கு எதிரானது எது என்பன போன்ற கேள்விகள் அவை. வீட்டுப்பாடத்தின் வகைகளைக் கேட்ட மாத்திரத்தில், வகுப்பில் கற்றதைப் பயிற்சி செய்யும் பாடமும், நாளைய பாடத்துக்கு முன்கூட்டியே படித்துவரும் பாடமும், அட்டையும் பசையும் கொண்டு மாதிரி செய்துவரும் பாடமும் வெவ்வேறு என்பது கண்ணில் படும். ‘வீட்டுப்பாடம் நல்லதா கெட்டதா?’ என்று இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக் கேட்டதுதான் உங்கள் முதல் கட்டுரையைப் பொதுப்படையாக்கியது.

இன்னொரு வழி, ஒரே நிகழ்ச்சியைப் பலர் இடத்தில் நின்று பார்ப்பது. மாலையில் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியருக்கு வீட்டுப்பாடம் என்பது என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அது என்ன? எல்லாவற்றையும் பள்ளியிலேயே முடித்துவிடும் கெட்டிக்கார மாணவருக்கு என்ன? ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு வரி எழுதுங்கள். அதில் கோபமோ ஆற்றாமையோ இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது, பட்டியலே வராதவர்களுக்கான வழி. எழுத்துப் பயிற்சியாளர் பீட்டர் எல்போ 1973-இல் வெளியிட்ட நூலில் பரவலாக்கியது இது: பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், எதுவும் தோன்றவில்லை என்றால் ‘எதுவும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். நீங்கள் பிழையில்லாமல் எழுதுவதில் அக்கறை உள்ளவர் என்பதால் இது உங்களுக்கு முதலில் வேதனையாக இருக்கும். அதனாலேயே உங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். பத்து நிமிடப் பெருக்கில் பெரும்பகுதி பயனற்றுப்போகலாம். இரண்டு வரி தேறினாலும் அவை உங்கள் குரலில் இருக்கும். நடுவில் தலைப்பை எழுதிக் கிளை பிரிக்கும் மனவரைபடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணால் பார்த்து யோசிப்பவர்களுக்கு அது உதவும். ஆனால், வண்ணப் பேனாக்களிலும் அழகிலும் நேரம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாள் நிறைந்ததும் அதை மூடிவைத்துவிடுங்கள். உங்களுக்கு இரண்டு வாரம் இருப்பதால், தேர்ந்தெடுக்கும் வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஓர் இரவு கடந்தால், முந்தைய நாள் அற்புதமாகத் தோன்றியது சாதாரணமாகவும், சாதாரணமாகத் தோன்றியது கவனிக்கத்தக்கதாகவும் தெரியக்கூடும். இப்போது தள்ளிவைத்திருந்த திருத்துநரைத் தயங்காமல் உள்ளே அழையுங்கள். எந்த வரியைப் பற்றி, புத்தகம் எதையும் பார்க்காமல், எதிரில் இருப்பவரிடம் உங்களால் ஐந்து நிமிடம் விடாமல் பேச முடியுமோ அதைச் சுற்றி வட்டமிடுங்கள். பிறகு, வட்டமிட்டவற்றுள் எவை ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பாருங்கள். அம்மா வரைந்த படம், மேசையில்லாத தோழி, இரவில் யாரைக் கேட்பது, அக்கா உள்ள வீட்டின் மதிப்பெண் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அவற்றின் கீழே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: வீட்டுப்பாடத்துக்குத் தரப்படும் மதிப்பெண் மாணவரை அளக்கிறதா, அவருடைய வீட்டை அளக்கிறதா?

இந்தக் கேள்வி கிடைத்த நொடியில் உங்கள் கட்டுரை மற்ற மூவருடையதிலிருந்தும் பிரிந்துவிடுகிறது. கட்டுரைக்கு முந்தைய வேலை முழுவதும் இப்படி ஒரு கேள்வியைக் கண்டடைவதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன். தலைப்பு உங்களுக்குத் தரப்படுகிறது. கேள்வியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேய்ஸ் ஆகிய இருவரும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எழுதுபவர்களை எழுதும்போதே வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். தேர்ந்த எழுத்தாளர்கள், யாருக்காக எழுதுகிறோம், அவரிடம் என்ன விளைவை உண்டாக்கப் பார்க்கிறோம் என்று தமக்குள் கேட்டுக்கொண்டு, தம் சிக்கலையே திரும்பத் திரும்ப மாற்றி வகுத்துக்கொண்டிருந்தார்கள். புதியவர்களோ தலைப்பையும் அதைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையுமே பற்றிக்கொண்டிருந்தார்கள். கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா ஆகியோர் 1987-இல் இதே வேறுபாட்டை, தெரிந்ததைச் சொல்லிவிடுவதற்கும் தெரிந்ததை மாற்றி ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடாக விளக்கினார்கள். பட்டியலில் உள்ளதை வரிசையாக எழுதி நிரப்பினால், அது தெரிந்ததைச் சொல்லிவிடுவது. பட்டியலிலிருந்து ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குப் பதில் தேடும்போதுதான் உங்களுக்கே தெரியாதிருந்த ஒன்று புலப்படும்.

கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘உதவுவதற்கு ஆள் இல்லாத வீட்டிலும் மாணவர் தனியாகச் செய்துமுடிக்கக்கூடிய வீட்டுப்பாடத்துக்கு மட்டுமே மதிப்பெண் தர வேண்டும்’ என்பது அந்த வாக்கியமாக இருக்கலாம். இதை இரண்டு விதமாகச் சோதியுங்கள். அறிவும் நல்லெண்ணமும் உள்ள ஒருவர் இதை மறுக்க முடியுமா? முடியும்: ‘பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து உதவுவதுதானே வீட்டுப்பாடத்தின் பெரிய பயன்?’ என்று அவர் கேட்கலாம். எனவே, இது வாதிடத் தகுந்த நிலைப்பாடு. ‘கல்வி முக்கியமானது’ என்பதை மறுக்க ஆளில்லை. அதனால் அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. அடுத்த சோதனை, இதற்கு ஆதாரமாகக் காட்ட உங்கள் கையில் ஏதேனும் உண்டா என்பது. உண்டு, நான்கு வரிகள் வட்டமிடப்பட்டிருக்கின்றன.

வாசிப்புக்கு உரிய நேரம் இதுதான். கேள்வி இல்லாமல் தேடினால் இணையம் உங்களைப் பொதுக்கருத்துகளில் அமிழ்த்திவிடும். கேள்வியோடு போனால் தேவையானது தானே கண்ணில் படும். எடுத்துக்காட்டாக, ஹாரிஸ் கூப்பரும் உடன்பணியாளர்களும் 2006-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1987 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த வீட்டுப்பாட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு 7 முதல் 12 வரையிலான வகுப்புகளில் வலுவாகவும், அதற்குக் கீழான வகுப்புகளில் வலுக்குறைந்தும் காணப்படுவதாக அது தெரிவித்தது. இந்த ஒரு செய்தி உங்கள் நிலைப்பாட்டைக் கூர்மையாக்கும்: பெரியவர் துணையின்றிச் செய்ய முடியாத சின்ன வகுப்புகளில்தான் பயனும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், உங்கள் வாதம் எல்லா வகுப்புகளுக்கும் உரியதா, சின்ன வகுப்புகளுக்கு மட்டும் உரியதா? வாசிப்பதால் நிலைப்பாடு மாறினால் கலங்க வேண்டாம், மாறட்டும்.

இதன் பிறகே குறிப்புச்சட்டகம். அதில் ‘முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை’ என்று பெட்டிகளை அடுக்காமல், ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்லப்போகிறது என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். பட்டியலில் எஞ்சியவற்றை விட்டுவிடத் துணிய வேண்டும். இருபத்தைந்து வரி எழுதியிருந்தால் ஆறு வரிகூடக் கட்டுரைக்குள் போகாது. தேடிச் சேர்த்ததை வீணாக்க மனமின்றி, தூக்கக் குறைவையும் மன அழுத்தத்தையும் ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்து உள்ளே திணித்தால், மறுபடியும் பழைய கட்டுரையையே எழுதியவராவீர்கள்.

தோழிகளோடு கூடிப் பேசியதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் நால்வருக்கும் நேர்ந்தது பலருக்கும் நேர்வதுதான். யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகியோர் நடத்தி 1958-இல் வெளியிட்ட சோதனையில், நால்வர் சேர்ந்து யோசித்ததைக் காட்டிலும், நால்வர் தனித்தனியே யோசித்து, ஒரே மாதிரியானவற்றை நீக்கிவிட்டு ஒன்றுசேர்த்தபோது கூடுதலான கருத்துகள் கிடைத்தன. 1987-இல் மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஷ்ட்ரோபே ஆகியோர் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் தம் கருத்தை மறந்துவிடுகிறார்கள், அல்லது அடக்கிக்கொள்கிறார்கள் என்பதே முதன்மையான காரணமாகத் தெரிந்தது. இதோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: முதலில் வாய்திறப்பவர் சொல்வது அந்த மேசையின் தலைப்பாகிவிடுகிறது. அதற்காகக் கூடிப் பேசுவதையே கைவிட வேண்டாம். நால்வரும் தனித்தனியே தாளை நிரப்பிய பிறகு கூடுங்கள். அப்போதும் பேசத் தொடங்குமுன் தாள்களைக் கைமாற்றிக்கொண்டு, மற்றவர் எழுதியதன் கீழே உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் இதற்கென ஒரு முறையை வகுத்தார்: ஆறு பேர், ஆளுக்கு மூன்று கருத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாள் அடுத்தவர் கைக்குப் போகும். நால்வருக்கும் அது பொருந்தும். குழுவின் பெரும்பயன், கேள்வி கிடைத்த பிறகுதான் இருக்கிறது. உங்கள் ஒற்றை வாக்கியத்தை வாசித்துக் காட்டி, ‘இதை மறுத்துப் பேசு’ என்று கேளுங்கள். தனிமையில் எவ்வளவு யோசித்தாலும் கிடைக்காத மறுப்புகள் அங்கே கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா என்பதை முதலில் உங்கள் கல்லூரியின் விதிதான் முடிவுசெய்ய வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி உண்டு என்றால், என் கருத்து இது: உங்கள் தாள் நிரம்புவதற்கு முன் அதைத் திறக்காதீர்கள். ‘வீட்டுப்பாடம் பற்றிப் பத்துக் கருத்து சொல்’ என்று கேட்டால், அது தருபவை பெரும்பாலும் ஒழுக்கம், பொறுப்புணர்வு, மன அழுத்தம் என்னும் அந்த முதல் வரிசையையே ஒட்டியிருக்கும். அனில் தோஷி, ஆலிவர் ஹாசர் ஆகியோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், செயலி தந்த கருத்தைக் கொண்டு சிறுகதை எழுதியவர்களின் கதைகள் தனித்தனியே பார்க்கையில் கூடுதல் மதிப்புப் பெற்றன. ஆனால், செயலியின் துணையின்றி எழுதப்பட்டவற்றைவிட அவை ஒன்றோடொன்று கூடுதலாக ஒத்திருந்தன. உங்கள் குறையே நால்வரின் கட்டுரையும் ஒன்றுபோல் இருக்கிறது என்பது. அம்மா வரைந்த படம் செயலிக்குத் தெரியாது. உங்கள் நிலைப்பாடு உருவான பிறகு, அதற்கு எதிரான வலுவான வாதங்களைக் கேட்பதற்கு அதைப் பயன்படுத்தினால், மறுத்துப் பேசும் தோழியின் இடத்தை ஓரளவு நிரப்பும். அது மேற்கோள் காட்டும் ஆய்வையும் ஆண்டையும் மூலத்தில் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது. இல்லாத ஆய்வை இருப்பதுபோலவே அது சொல்வதுண்டு.

தேர்வறையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இருபது நிமிடப் பட்டியலுக்கும் ஓர் இரவு இடைவெளிக்கும் அங்கே இடமில்லை. ஆனால், 45 நிமிடக் கட்டுரைக்கு ஏழு நிமிடத்தை ஒதுக்கலாம். ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன். சுற்றிலும் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்கும்போது எழுதாமல் இருப்பது எளிதன்று என்பதை அறிவேன். நான்கு நிமிடம் பட்டியல். முதலில் தோன்றும் நான்கைந்தை விரைந்து எழுதி, அவற்றின் கீழே ஒரு கோடு போட்டுவிடுங்கள்; அவை எல்லோருக்கும் உரியவை. கோட்டுக்குக் கீழே, நீங்கள் கண்ணால் கண்ட மனிதரையோ பொருளையோ கொண்ட மூன்று வரிகளையாவது எழுத வேண்டும். இரண்டு நிமிடத்தில் கேள்வியையும் ஒற்றை வாக்கியப் பதிலையும் எழுதுங்கள். கடைசி நிமிடம் பத்திகளின் வரிசைக்கு. கோட்டுக்கு மேலே உள்ளவற்றுக்கும் வேலை உண்டு: மறுப்பவர் என்ன சொல்வார் என்று காட்டவும், உங்கள் வாதத்துக்குத் துணைநிற்கவும் அவை பயன்படும். ஆனால், பத்தியின் முதல் வரியில் அவற்றை வைக்காதீர்கள்.

இந்த ஏழு நிமிடம் தேர்வு நாளில் முதன்முறையாகச் செய்தால் கைகூடாது. பழைய வினாத்தாள்களிலிருந்து நாளுக்கு ஒரு தலைப்பை எடுத்து, பட்டியல், கோடு, கேள்வி, ஒற்றை வாக்கியம் என்பதுவரை மட்டும் செய்துவிட்டுத் தாளை மூடிவிடுங்கள். கட்டுரையை எழுத வேண்டியதில்லை. வாரம் ஒன்றை முழுதாக எழுதினால் போதும்.